ஊசி நடுவில் நின்ற நாள்

பொன்முடி மலைப்பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பன்னிரண்டாவது வளைவில் என் கார் நின்றுவிட்டது. பானெட்டின் இரண்டு ஓரங்களிலும் ஆவி சீறிக்கொண்டு வந்தது. சூடேறிய ரப்பரின் நாற்றம் காட்டின் ஈர வாசனையை முழுக்க மூடிவிட்டது.

பின்சீட்டிலிருந்து மூன்று டீச்சர்கள் இறங்கி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றார்கள். நான் பழைய துண்டு ஒன்றைக் கையில் சுற்றி பானெட்டைத் தூக்கினேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியில் கை வைக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஆறட்டும் என்று நின்றேன்.

அப்போது ஒரு ஜீப் எங்களைத் தாண்டி ஏறியது. உள்ளேயிருந்து ஒருவன் தலையை நீட்டினான்.

"சேச்சீ, வெள்ளம் திளச்சல்லோ! அரி இட்டோ?"

தண்ணீர் கொதித்துவிட்டதே, அரிசி போட்டாச்சா என்று கேட்கிறான். ஜீப் முழுக்கச் சிரிப்பு. அடுத்த வளைவு திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது தடவை.

கரும்பலகையில் என் பெயர்

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் வசந்தா. திருவனந்தபுரத்தில் டாக்சி ஓட்டுகிறேன். ஆரியசாலைப் பக்கம் இருக்கும் எங்கள் ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து வண்டிகள். அதில் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். அந்த ஸ்டாண்டுக்குள் நுழைய நான் பட்ட பாட்டைச் சில வாரங்களுக்கு முன்பே புலம்பித் தீர்த்துவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஸ்டாண்டில் ஒரு கரும்பலகை உண்டு. நிரந்தர ஓட்டங்களும் அவற்றுக்கான டிரைவர் பெயர்களும் அதில் இருக்கும். பொன்முடி ஓட்டத்துக்கு எதிரே என் பெயர் இருந்தது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மூன்று டீச்சர்களை விடிந்ததும் ஏற்றிக்கொண்டு போய், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். மலைக்குப் பஸ் குறைவு, அதுவும் பள்ளி நேரத்துக்கு ஒத்துவராது.

போன மாதம் இந்த ஓட்டம் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் லலிதா டீச்சர். கரமனை அக்ரகாரத்துக்காரர். எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். "பொம்மனாட்டி ஓட்டற வண்டின்னா எங்களுக்கும் நிம்மதிதான்" என்று ஸ்டாண்டுக்கே வந்து சொன்னார். அன்று என் பெயர் பலகையில் ஏறியதைப் பார்த்து இரண்டு பேர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். எனக்கு ஆனந்தமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாம் முறை கொதித்த அன்று, வண்டி ஆறி, மலையேறி, பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேரும்போது முதல் பீரியட் முடிந்திருந்தது. லலிதா டீச்சர் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வசந்தா, நேக்கு உன்கிட்ட கோவம் ஒண்ணும் இல்லை. ஆனா ஹெச்.எம். சொல்லிட்டா. இன்னொரு தடவை லேட்டானா மூணு பேருக்கும் மெமோ. இவா ரெண்டு பேரும் வேற வண்டி பார்க்கலாம்ங்கறா."

"நீங்க என்ன சொல்லுகியோ டீச்சர்?"

"நான் என்னத்தைச் சொல்ல? அடுத்த தடவை கொதிக்கப்படாது. அவ்வளவுதான்."

மாலையில் ஸ்டாண்டுக்குத் திரும்பினால், நான் வருவதற்கு முன்பே என் வண்டியின் படம் வந்துவிட்டிருந்தது. ஜீப்பில் போனவன் எடுத்தது. யார் யாருக்கோ போய், சுற்றி வந்து, எங்கள் ஸ்டாண்டின் வாட்ஸாப் குழுவில் ஆவியோடு நின்றது. கீழே அதே கேள்வி. அரி இட்டோ?

ஸ்டாண்டுக் காரியதரிசி செல்லப்பன் அண்ணாச்சி. நாஞ்சில் நாட்டுக்காரர், என் அப்பாவுக்குத் தெரிந்த குடும்பம். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர்கள் அன்போடு செய்கிற அநியாயத்துக்கு எதிராகச் சண்டை போடுவது கொஞ்சம் கஷ்டம்.

"வசந்தா, கோவப்படாத கேட்டியா. உன் நன்மைக்காக்கும் சொல்லுகேன். மலை ரோடு பொம்பளையாளுக்குள்ள ரோடு இல்ல. முதல் கியர்ல போட்டு முக்கி முக்கி ஏத்தினா எந்த வண்டியும் கொதிக்கத்தான் செய்யும். நீ ஏர்போர்ட்டு, ஆஸ்பத்திரின்னு ஓட்டு. பொன்முடிய சுரேசு பாத்துக்கிடுவான்."

"கொதிக்கது வண்டியாக்கும் அண்ணாச்சி. நான் இல்ல."

"இப்ப நீயுந்தான கொதிக்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவர் பலகைப் பக்கம் போனார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"திங்கக்கிழம ஒரே ஒரு ஓட்டம். நீங்களும் முன்சீட்டுல ஏறி வாருங்கோ. கொதிச்சா என் பேர நானே அழிக்கேன்."

பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி. அன்று வெள்ளிக்கிழமை. என்ன கோளாறு என்றே தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன்.

நமக்கு இது வேண்டா

கோளாறு என்று சொன்னேன் அல்லவா, அதை நானேதான் சம்மதித்து, பக்கத்தில் நின்று, தலையாட்டி உண்டாக்கினேன்.

அதற்குச் சில மாதம் முன்பு நெடுமங்காட்டில் ஒரு ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டது. வண்டியைக் கரமனை ஆற்றுப் பக்கம் இருக்கும் மணியண்ணனின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மலையாளி. பாதித் தமிழ், பாதி மலையாளம். கைராசிக்காரர் என்று பெயர். ஹோஸை மாற்றினார். மாற்றிவிட்டு, கேட்காமலே இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினின் வாயிலிருந்து ஒரு சின்னச் சாமானை எடுத்தார். நடுவில் ஒரு பித்தளை உருளை, அதைச் சுற்றி சுருள் கம்பி, மேலே ஒரு வட்டத் தட்டு, அடியில் இன்னொரு சின்னத் தட்டு.

"இதாணு தெர்மோஸ்டாட். தணுப்புள்ள நாட்டுக்காரன் அவன்றெ நாட்டுக்கு வச்சது. வெள்ளத்தை அடைச்சு வைக்கும். நம்முடெ சூட்டுக்கு எதுக்கு அடைக்கணும்? நமக்கு இது வேண்டா சேச்சீ."

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நான் பெரிய விவரக்காரி போலத் தலையாட்டினேன். எங்கள் ஸ்டாண்டில் எல்லா வண்டியிலும் அது கழற்றப்பட்டிருந்தது. புது வண்டி வாங்கினால் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு அடுத்த வேலையாக அதைக் கழற்றுகிறவர்கள் உண்டு. மணியண்ணன் அந்தச் சாமானை என் கையில் கொடுத்தார். நான் எதையும் தூக்கி எறிகிறவள் இல்லை. டாஷ்போர்டுக்குள், ஊக்குகளோடும் காய்ந்துபோன ஏலக்காயோடும் போட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு ஊருக்குள் வெப்ப ஊசி எழும்பவே இல்லை. மே மாத வெயிலில், தம்பானூர் நெரிசலில் நின்றாலும் அடிக்கோட்டை விட்டு நகராது. பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன். டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது. காலையில் எஞ்சின் நெடுநேரம் கரகரத்துக்கொண்டே ஓடியது. வண்டிக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முள்

இங்கே என் அப்பாவை இழுக்காமல் முடியாது. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அவர் இப்போதும் சுகமாக இருக்கிறார். இதைப் படித்துவிட்டுத் திட்டவும் செய்வார்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் வீட்டுக்குக் கிரைண்டர் வந்தது. அதன் பிளக்கில் மூன்று முள். எங்கள் சுவரில் இரண்டு ஓட்டைதான். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். கறண்டு போக ஒன்று, வர ஒன்று, மூன்றாவது எதற்கு? ரம்பத்தை எடுத்து மூன்றாவது முள்ளை அறுத்துப் போட்டார். கிரைண்டர் ஜோராக ஓடியது. தெருவில் நாலு பேர் வந்து பார்த்து, அவர்களும் வீட்டுக்குப் போய் அறுத்தார்கள்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மழைக்காலக் காலையில் அம்மா ஈரக்கையோடு மாவை வழித்தபோது அது அவளைத் தூக்கி அடித்தது. தோசைமாவு உத்தரம் வரை தெறித்தது. நல்லவேளை, சுவரில் போய் மோதியதோடு போயிற்று. ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். சும்மா இருக்கிறது என்று நாம் நினைக்கிற சாமான் சும்மா இருப்பதில்லை என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்திருந்தால் மணியண்ணனுக்கு முன்னால் அப்படித் தலையாட்டியிருக்க மாட்டேன்.

ஆட்டோவின் பக்கக் கண்ணாடியை உள்பக்கம் மடக்கி வைப்போம். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவோம். எதையாவது செய்து வைத்தவனைவிட நமக்கு விவரம் அதிகம் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கும் இருந்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பால் பாத்திரத்தில் ஒரு பரீட்சை

சனிக்கிழமை ஓட்டம் இல்லை. கரமனை ஆற்றங்கரையில் வண்டியை நிழலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரே ஒரு கேள்வி தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஊசி எழும்பவே மாட்டேன் என்கிறது. மலையில் சிவப்பைத் தொடுகிறது. ஒரே எஞ்சின், ஒரே ரேடியேட்டர். குளிர்ச்சி அதிகமா, குறைவா?

டாஷ்போர்டில் கிடந்த வண்டிப் புத்தகத்தை எடுத்தேன். அதுவரை இன்சூரன்ஸ் காகிதம் கசங்காமல் இருக்கத்தான் அது உதவியது. குளிர்விக்கும் தண்ணீர் போகும் வழியை அதில் படமாகப் போட்டிருந்தார்கள். விரலை வைத்துப் பின்தொடர்ந்தேன். விரல் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. தண்ணீருக்கு அங்கே இரண்டு வழி.

ஒன்று பெரிய வழி. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போய், காற்றில் ஆறி, திரும்பி வரும். இன்னொன்று குறுக்குவழி. ரேடியேட்டர் பக்கமே போகாமல், சூடாகப் புறப்பட்டு, சூடாகவே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது தெர்மோஸ்டாட் பெரிய வழியை அடைத்துக் குறுக்குவழியைத் திறந்து வைக்கும், எஞ்சின் சீக்கிரம் பதமான சூட்டுக்கு வரட்டும் என்று. சூடு வந்ததும் அதே சாமான் மேல் தட்டால் பெரிய வழியைத் திறந்து, அடித்தட்டால் குறுக்குவழியை மூடிவிடும்.

அடைக்கிற சாமான் என்று மணியண்ணன் சொன்னது பாதி உண்மை. அது எதை அடைக்கிறது, எப்போது அடைக்கிறது என்பது மீதி. அதைக் கழற்றினால் இரண்டு வழியும் எந்நேரமும் திறந்து கிடக்கும். சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வா என்று ஆளை அனுப்பினால், பாதிப் பேர் பக்கத்துச் சந்தில் நுழைந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நிற்கிற மாதிரி. ஊருக்குள் சும்மா ஓடும்போது பரவாயில்லை, போனவர்கள் கொண்டுவந்ததே போதும். அதனால்தான் ஊசி எழும்பாது. ஆள் பாரத்தோடு மலை ஏறும்போது எஞ்சினுக்கு இருக்கிற தண்ணீர் முழுவதும் ஆறி வந்தாக வேண்டும். பாதி ஆறாமலே திரும்பினால் கொதிக்காமல் என்ன செய்யும்?

எல்லா வண்டியும் இப்படி அல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். சில எஞ்சின்களில் குறுக்குவழி மிகச் சின்னதாக இருக்கும். அதனால்தான் கழற்றியவர்கள் எல்லோரும் கொதிப்பதில்லை. என் எஞ்சினில் அது கட்டைவிரல் தடிமன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சாமானைத் தேய்த்துக் கழுவினேன். அதில் 82 என்று பொறித்திருந்தது. திறக்கிற சூடு அது. நூலில் கட்டி, பால் பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். என் வீட்டுக்காரர் கிருஷ்ணன் ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் வேலை பார்க்கிறவர். எட்டிப் பார்த்தார்.

"என்ன குழம்பு?"

"தெர்மோஸ்டாட் குழம்பு. சும்மா நில்லுங்கோ."

"அந்தப் பாத்திரத்திலயா நாளைக்குப் பாலு காய்ச்சப் போற?"

தண்ணீரின் அடியில் முதல் குமிழிகள் வந்தன. தட்டு அசையவில்லை. பாத்திரத்தின் ஓரம் சலசலக்கத் தொடங்கியது. அப்போதும் அசையவில்லை. செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கச் சற்று முன்பு, மேல் தட்டு மெல்ல, மிக மெல்ல, எழும்பியது. நூலைத் தூக்கி வெளியே எடுத்தேன். ஆற ஆறத் தானாகவே மூடிக்கொண்டது. உருளைக்குள் இருக்கிற மெழுகு சூட்டில் விரிந்து தள்ளுகிறது, அவ்வளவுதான். கறண்டும் இல்லை, ஆளும் இல்லை.

கிருஷ்ணன் இன்னொரு தடவை போட்டுக் காட்டு என்றார். மூன்று தடவை போட்டுக் காட்டினேன்.

மேல் ஹோஸில் ஒரு கை

ஞாயிறு காலை மணியண்ணனிடம் போய், இதைத் திரும்பப் போட்டுத் தாருங்கள் என்றேன்.

"நாடு முழுவன் இதைக் கழட்டிக் களையுது. நீங்க இடச் சொல்லுது. என்றெ கை வச்ச வண்டியில என்னையே திருத்துந்நோ?"

படத்தைக் காட்டினேன். பார்க்கவில்லை. குறுக்குவழியைச் சொன்னேன். பக்கத்து வண்டிக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவர் இறங்கி வர மாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"அப்ப பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைத் தாருங்க. நானே போட்டுக்கிடுகேன்."

கொடுத்தார். நக்கலாகத்தான் கொடுத்தார். இருந்தாலும் கொடுத்தார் என்பதை எழுத வேண்டும்.

வீட்டுக்கு முன்னால், தெருவே பார்க்க, வேலையைத் தொடங்கினேன். பழைய தண்ணீரை இறக்கினால் துருவும் சேறுமாக வந்தது. கொதிக்கக் கொதிக்க வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்ததன் பலன். தெர்மோஸ்டாட்டை உட்கார வைத்து, புதுப் பேக்கிங் போட்டு, போல்ட்டுகளை இறுக்கி, ரேடியேட்டருக்கென்றே விற்கிற பச்சைக் கூலன்ட் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் பார்த்தேன், காற்று வெளியேறுவதற்காக அதில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அது மேல்பக்கம் இருக்க வேண்டும் என்று படத்தில் போட்டிருக்கிறது. நான் கீழ்ப்பக்கம் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி முதலிலிருந்து. எதிர்வீட்டு மாமி இரண்டாவது தடவையாக வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைப் போட்டுவிட்டு, ஃபேனுக்குத் தள்ளியே மேல் ஹோஸின் மீது கையை வைத்துக் காத்திருந்தேன். ரேடியேட்டருக்குப் போகிற பெரிய வழி அதுதான். எஞ்சின் சூடாகிக்கொண்டே வந்தது. ஹோஸ் ஜில்லென்று இருந்தது. ஊசி முதல் தடவையாக அடிக்கோட்டை விட்டு எழும்பியது. ஹோஸ் அப்போதும் ஜில்லென்றே இருந்தது. சட்டென்று, கைக்கு அடியில், ஒரு வெதுவெதுப்பு ஓடியது. சில நொடிகளில் கை வைக்க முடியாத சூடு. உள்ளே கதவு திறந்துவிட்டது. ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் வந்து அடங்கின. மட்டம் இறங்கிய அளவுக்குக் கூலன்ட் ஊற்றி மூடினேன்.

தெரு என்று பார்க்காமல் சத்தமாகச் சிரித்தேன்.

நிறுத்து, நிறுத்து

திங்கட்கிழமை விடிந்ததும் செல்லப்பன் அண்ணாச்சி ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை டிக்கியில் வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினார். மலைக்குப் போகிற எங்கள் ஸ்டாண்டு வண்டி எதுவும் கேன் இல்லாமல் போகாது. பின்சீட்டில் மூன்று டீச்சர்கள்.

நெடுமங்காடு தாண்டுவதற்கு முன்பே ஊசி நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊசி ஏறுகு. வசந்தா, ஏறுகு. நிறுத்து."

"அதாக்கும் அதுக்க இடம். நடுவில நிக்கணும்."

"என் வண்டியில இந்நேரம் கீழ கிடக்கும். நிறுத்துன்னு சொல்லுகேன்!"

நிறுத்தவில்லை. அடிவாரக் கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கின. இரண்டாவது கியர், முதல் கியர், மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு வளைவிலும் அண்ணாச்சியின் கண் ரோட்டில் இல்லை, ஊசியில் இருந்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது வளைவு வந்தது. பின்னாலிருந்து லலிதா டீச்சர் ஏதோ சுலோகம் முணுமுணுத்தார். ஊசி நடுக்கோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு இருபது நிமிஷம் முன்பே போய்ச் சேர்ந்தோம். லலிதா டீச்சர் இறங்கி என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். சுற்றிலும் மஞ்சு மூடுபனியாக இறங்கியிருந்தது. அவர் கையை நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்தார்.

"இன்னைக்கு நல்ல தணுப்பு. இதில எந்த வண்டியும் ஏறும். இதக் கணக்கில சேக்க முடியாது கேட்டியா."

எனக்கு வந்த கோபத்தில் எஞ்சின் இல்லாமலே மலை ஏறியிருப்பேன்.

"ஏறுங்கோ" என்றேன். "கீழ போய் உச்சிவெயில்ல திரும்ப ஏறுவோம். ஏ.சி. போட்டு."

"வெறும் வண்டியா ஏறினா?"

"ஆள் ஏத்துவோம்."

கல்லாற்றில் மதியம் வரை காத்திருந்தோம். மஞ்சு கலைந்து, வெயில் தாரை உருக்குகிற மாதிரி அடித்தது. எஸ்டேட் பெண்கள் மூன்று பேர் ரேஷன் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். காசு வேண்டாம், ஏறுங்கள் என்றேன். அவர்களுடைய மூட்டைகளை டிக்கியில் ஏற்றும்போது அண்ணாச்சியும் ஒரு கை கொடுத்தார்.

"என்னது இது, இந்தக் கனம்?"

"அரிசி அண்ணாச்சி. அரி இட்டோன்னு கேட்டாங்கல்லா. இட்டாச்சு."

அவர் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த பெண்கள் விஷயம் புரியாமலே சிரித்தார்கள்.

ஏ.சி.யைப் போட்டு ஏறினேன். ஒரு சுற்றுலா பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு நாலு வளைவு நத்தை மாதிரி ஊர்ந்தோம். ஊசி நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் ஏறியது. அண்ணாச்சி ஊசிப் பக்கம் குனிந்தார். ஃபேன் இரைந்தது. ஊசி திரும்ப நடுவுக்கு வந்தது. பன்னிரண்டாவது வளைவு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பதினேழாவது வளைவில் ஒரு கார் ஓரங்கட்டி நின்றது. பானெட் திறந்து, ஆவி கொப்பளித்துக்கொண்டு. தமிழ்நாட்டு நம்பர். டிரைவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். குடும்பம் மொத்தமும் மரத்தடியில் நின்றது. அந்த மூக்கைப் பொத்திய நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தினேன்.

கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி இறங்கிப் போய்விட்டார்.

"தம்பி, இதில அந்தத் தெர்மோஸ்டாட் இருக்கா?"

"அதெல்லாம் வண்டி வாங்குன அன்னைக்கே கழட்டிட்டோம்லா அண்ணாச்சி" என்றார் டிரைவர், சந்தோஷமாக. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே வந்து, டிக்கியைத் திறந்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கேனையும் இழுத்து எடுத்துக்கொண்டுபோய் அந்த டிரைவரின் காலடியில் வைத்தார்.

"ரெண்டையும் வச்சுக்கோ. நல்லா ஆறின பொறவு ஊத்து. எங்களுக்கு வேண்டாம்."

மீதி ஐந்து வளைவும் அவர் ஊசியைப் பார்க்கவில்லை.

மாலையில் டீச்சர்களைக் கரமனையில் இறக்கிவிட்டு ஸ்டாண்டுக்குப் போனோம். வெள்ளிக்கிழமை நான் குறுக்கே நின்றும் பயனில்லை, பலகையில் பொன்முடிக்கு எதிரே சனிக்கிழமையே சுரேஷின் பெயர் ஏறியிருந்தது. அண்ணாச்சி என்னிடம் மெதுவான குரலில், "நாளைக்குக் காலையில மாத்தி எழுதுகேன்" என்றார். காலையில் ஸ்டாண்டில் இருப்பது அவரும் டீக்கடைப் பூனையும்தான்.

அப்போது மணி ஆறு. எல்லா வண்டிகளும் திரும்பி வந்திருந்தன. சுரேஷ் இருந்தான். என் படத்துக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் சாக்பீஸை எடுத்து அண்ணாச்சியிடம் நீட்டினேன்.

"இப்ப எழுதுங்கோ" என்றேன்.